இரவு இரண்டு மணி வெங்காய வேர்

முதுகலை தாவரவியல் திட்டப்பணிக்கு நான் எடுத்துக்கொண்ட கேள்வி சிறியது: வெங்காய வேர்நுனிச் செல்கள் எந்த நேரத்தில் அதிகம் பிரிகின்றன? காலையில் வெட்டினால்தான் ஸ்லைடு நன்றாக வரும் என்று ஆய்வகத்தில் எல்லோரும் சொல்வார்கள். ஏன் என்று கேட்டால் பதில் வராது.

பெரிய வெங்காயங்களின் காய்ந்த வேரைச் சுரண்டிவிட்டு, தண்ணீர் நிரப்பிய டம்ளர்களின் வாயில் உட்கார வைத்தேன். மூன்றாம் நாள் வெள்ளை வேர்கள் இறங்கின. இரண்டு மணிக்கொருமுறை நுனியை வெட்டி, ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் மூன்று பங்கு ஆல்கஹாலும் கலந்த குப்பியில் போட்டேன். அதற்குள் விழுந்த செல் எந்த நிலையில் இருந்ததோ அப்படியே நின்றுவிடும். இரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் வெட்டியவன், குப்பிமேல் நேரம் எழுத மறந்தேன். அடுத்த வாரம் முழு நாளையும் மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று.

ஸ்லைடு போடுவதுதான் பெரும்பாடு. அமிலத்தில் சூடாக்குவது கூடினால் வேர் கூழாகிவிடும். குறைந்தால் செல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். அசிட்டோகார்மைன் என்ற சாயம் ஏறிச் சிவந்த கடைசி இரண்டு மில்லிமீட்டரை மட்டும் நறுக்கி, கவர்சிலிப் என்ற மெல்லிய கண்ணாடித் துண்டால் மூடி, கட்டைவிரலால் நேராக அழுத்த வேண்டும். எத்தனை கவர்சிலிப் உடைத்தேன் என்று கேட்காதீர்கள்.

காலை வேர்களில், செல் பிரிகிறது என்பதற்கு அடையாளமாக நடுவில் வரிசை கட்டிய குரோமோசோம்கள் கண் வைத்த இடமெல்லாம் தெரிந்தன. பிற்பகல் ஸ்லைடுகளில் தேட வேண்டியிருந்தது. துள்ளிக்கொண்டு பேராசிரியையிடம் ஓடினேன். "மதியம் அறை சூடாக இருந்திருக்குமே?" என்றார். வெயிலும் வெளிச்சமும் மாறிக்கொண்டிருக்கும்போது அது உயிருக்குள்ளேயே நேரம் காட்டும் உள்கடிகாரத்தின் வேலை என்று எப்படிச் சொல்வது? வெப்பம் மாறாத இருட்டு இன்குபேட்டரில் எல்லாம் மறுபடி. இம்முறையும் ஏற்ற இறக்கம் இருந்தது, ஆனால் மங்கலாக. அப்படியே எழுதினேன்.

2003இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சுண்டெலிகளின் கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டியெடுத்து, மிச்சம் வளர்வதைக் கவனித்தார்கள். அவர்கள் கண்டது இது: உடல் கடிகாரத்தின் மரபணுக்கள் வீ1 என்ற புரதத்தின் அளவை ஏற்றி இறக்குகின்றன. அது ஏறியிருக்கையில் செல் பிரிதலுக்குள் நுழையத் தடை. என் வெங்காயத்திலும் அதுதான் நடக்கிறது என்று எழுத ஆசையாக இருந்தது. எழுதவில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் இவை எதையும் கேட்கவில்லை. "உண்மையிலேயே ராத்திரி இரண்டு மணிக்கு வெட்டினீர்களா?" என்றார். நோட்டில் கோணலாகப் போன கையெழுத்தைக் காட்டினேன்.