எந்த அளவில் பார்த்தீர்கள்?

நீலகிரியில் காடு எவ்வளவு இருக்கிறது என்று யாராவது கேட்டால், எந்த அளவில் பார்த்து என்று முதலில் திருப்பிக் கேட்க வேண்டும். இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் அறிக்கையில் வனப்பரப்பு என்றால், குறைந்தது 1 ஹெக்டேர் பரப்பும் 10 சதவீதமாவது மர விதான அடர்த்தியும் (மேலிருந்து பார்த்தால் மரத்தழை மூடியிருக்கும் பங்கு) உள்ள நிலம். அது என்ன மரம், யாருடைய நிலம் என்று பார்ப்பதில்லை. இதற்கு நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் லிஸ்-3 செயற்கைக்கோள் படத்தில் ஒரு பிக்சலின் (படத்தின் ஆகச் சிறிய சதுரம்) பக்கம் தரையில் 23.5 மீட்டர். அதாவது ஒரு ஹெக்டேருக்குச் சுமார் 18 பிக்சல்.

இந்த வரையறையை அவலாஞ்சி, முக்குருத்தி மலைச்சரிவுகளில் பொருத்திப் பாருங்கள். அங்கே சோலைகள் எனப்படும் குட்டையான பசுமைமாறாக் காடுகள் மலை மடிப்புகளில், ஓடையை ஒட்டி ஒடுங்கிக் கிடக்கின்றன. சுற்றிலும் புல்வெளி. 15 மீட்டர் அகலத்தில் ஓடும் சோலைக் கீற்று எந்தப் பிக்சலையும் முழுதாக நிரப்பாது. பாதி மரமும் பாதி புல்லுமாகக் கலந்த நிறம்தான் பதிவாகும். தனியாக நிற்கும் அரை ஹெக்டேர் சோலை, 1 ஹெக்டேர் வரம்பிலேயே கழிந்துபோகும். புல்வெளிக்கு விதானமே இல்லாததால் அது வனப்பரப்பில் சேராது. அதே புல்வெளியில் வாட்டில் என்ற அயல் மரம் பரவிவிட்டாலோ, கணக்கில் வனப்பரப்பு கூடிவிடும். அழிந்தது ஒரு தொன்மையான புல்வெளி, ஆனால் வரைபடம் அதைப் பசுமை என்று காட்டும். நாடு முழுவதற்கும் ஒரே மாதிரி கணக்கெடுக்க வைத்த அளவுகோலை ஒரு பள்ளத்தாக்கின் நலத்தை அளக்க எடுத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும். 10 மீட்டர் பிக்சல் தரும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் கீற்றுகளை இதைவிட நன்றாகப் பிடிக்கும். ஆனால் வாட்டிலையும் சோலையையும் பிரித்தறிய நுணுக்கமான பிக்சல் மட்டும் போதாது. வெவ்வேறு பருவத்துப் படங்களும் நேரில் போய்ச் சரிபார்த்த புள்ளிகளும் வேண்டும்.

களத்தில் குவாட்ராட் (செடிகளை எண்ணுவதற்காக அளந்து குறிக்கும் சதுரம்) போடும்போதும் இதே சிக்கல் வருகிறது. வழக்கமாக மரங்களுக்கு 10×10 மீட்டர், புதர்களுக்கு 5×5, புல் பூண்டுகளுக்கு 1×1 என்று ஒன்றுக்குள் ஒன்றாக அமைப்பார்கள். இதுவரை சரி. தவறு நடப்பது ஒப்பிடும்போது. 1 ஹெக்டேரில் 60 மர இனம், வேறொரு காட்டில் 16 ஹெக்டேரில் 120 இனம் என்று வைத்துக்கொள்வோம். ஹெக்டேருக்கு எத்தனை என்று வகுத்தால் 60-உம் 7.5-உம் வரும்; இரண்டாவது காடு வறண்டுபோனது என்று எழுதிவிடுவார்கள். பரப்பு கூடும் வேகத்தில் இனங்கள் கூடுவதில்லை. S = cAᶻ என்ற சமன்பாட்டில் (S இனங்களின் எண்ணிக்கை, A பரப்பு, c-யும் z-உம் மாறிலிகள்) z-ஐ 0.25 என்று எடுத்தால், இனங்கள் இரட்டிப்பாகப் பரப்பு 16 மடங்கு ஆக வேண்டும். அப்படியானால் இந்த இரண்டு காடுகளும் ஒரே வளைகோட்டில்தான் இருக்கின்றன. எண்ணிக்கையைப் பரப்பால் வகுக்காதீர்கள். பெரிய தரவிலிருந்து 1 ஹெக்டேர் துண்டுகளை எடுத்து, அவற்றின் சராசரியை ஒப்பிடுங்கள்.

செடிகள் கூட்டமாக வளர்கின்றனவா, சிதறியா என்பதும் குவாட்ராட்டின் அளவைப் பொறுத்தே மாறும். எந்த அளவு சரி என்று முன்கூட்டியே தீர்மானிப்பதைவிட, தரவையே கேட்கும் வழி ஒன்று உண்டு. 1952-இல் கிரெய்க்-ஸ்மித் என்ற தாவரச் சூழலியலாளர் சொன்னது. இடைவெளி விடாமல் ஒட்டி ஒட்டிச் சிறு கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் செடிகளை எண்ண வேண்டும். பிறகு பக்கத்துக் கட்டங்களை இரண்டிரண்டாக, நான்கு நான்காக, எட்டெட்டாகச் சேர்த்து, ஒவ்வொரு படியிலும் மாறுபாட்டை (எண்ணிக்கைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகின்றன என்பதை) கணக்கிட வேண்டும். அது எந்த அளவில் உச்சம் தொடுகிறதோ, ஏறக்குறைய அதுதான் செடிக்கூட்டத்தின் பரப்பு. அளவு இரட்டித்துக்கொண்டே போவதால் இடைப்பட்ட அளவுகள் நழுவும்; பெரிய கட்டங்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் கடைசிப் படிகளை அவ்வளவாக நம்பக்கூடாது. ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: ஆகச் சிறிய கட்டத்தின் எண்ணிக்கையை, அதன் இடக்குறியோடு அப்படியே சேமித்து வையுங்கள். சிறியதைக் கூட்டிப் பெரிதாக்கலாம். கூட்டியதைத் திரும்பப் பிரிக்க வழியே கிடையாது.

அளவு மாறினால் எண் மட்டுமல்ல, உறவின் திசையே புரண்டுவிடும். ஒரு சதுர மீட்டருக்குள் பார்த்தால், அயல் இனங்கள் கூடுதலாக உள்ள இடத்தில் உள்ளூர் இனங்கள் குறைவாக இருப்பது வழக்கம்: ஒளிக்கும் ஈரத்துக்கும் நேரடிப் போட்டி. பல சதுர கிலோமீட்டர் அளவில் பார்த்தால், இரண்டும் சேர்ந்தே கூடுகின்றன, ஏனென்றால் ஈரமும் வளமும் பலவித நிலமும் உள்ள இடம் இரண்டுக்குமே வாகானது. பெரிய அளவில் எடுத்த வரைபடத்தை வைத்துக்கொண்டு, லன்டானா என்ற அயல் புதரைப் பற்றி "உண்ணிச்செடியால் பாதகமில்லை" என்று சொல்பவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். உண்ணிச்செடி நாற்றை மூடுவது ஒரு மீட்டருக்குள் நடக்கும் விஷயம்.

காலத்துக்கும் இதே பேச்சு பொருந்தும். முதுமலையில் 1988-இல் இந்திய அறிவியல் கழகம் அமைத்த 50 ஹெக்டேர் ஆய்வுத்திடல் 1000 மீட்டர் நீளம், 500 மீட்டர் அகலம். 1.3 மீட்டர் உயரத்தில் குறைந்தது 1 சென்டிமீட்டர் விட்டமுள்ள எல்லா மரச்செடியும் அங்கே கணக்கில் உண்டு. இறந்தவற்றையும் புதிதாக வந்தவற்றையும் ஆண்டுதோறும் பதிகிறார்கள். பருமனை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அளக்கிறார்கள். சாவு ஒரே தீயில், ஒரே வறட்சியில் நடந்துவிடும், பருமனோ மெல்லத்தான் கூடும். அதனால்தான் இந்த இருவேறு இடைவெளி. யானைகள் ஒடித்தும் பட்டை உரித்தும் கிடியா காலிசினா மரங்கள் அங்கே பெருமளவு குறைந்தன. மரத்தின் கதைக்கு 50 ஹெக்டேர் தாராளம். யானைக்கு அது அரைச் சதுர கிலோமீட்டர்தான், அதன் நடமாட்டமோ நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர். ஒரு வருடம் அந்தப் பக்கம் யானை ஏன் அதிகம் வந்தது என்பதற்கான விடை பெரும்பாலும் திடலுக்கு வெளியே, எங்கோ வற்றிய நீர்நிலையிலோ அடைபட்ட வழித்தடத்திலோ இருக்கும். திடலின் தரவை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை நுட்பமான கணிதம் போட்டாலும் அந்த விடை கிடைக்காது.