முதுகுக்குப் பின்னால் ஒரு கை

வலையருகே குனிந்து நின்றவரின் இடது கை முதுகுக்குப் பின்னால் போனது. இரண்டு விரல்கள் நீண்டு, மடங்கின.

பின்னால் சர்வ் போடத் தயாராக இருந்தவர் "சரி" என்றார். அவ்வளவுதான்.

இன்று பார்த்த பெண்கள் இரட்டையர் டென்னிஸ் ஆட்டத்தில் ஸ்கோரைவிட அந்தக் கையைத்தான் அதிகம் கவனித்தேன். சர்வ் எந்தப் பக்கம், முன்னால் நிற்பவர் குறுக்கே பாய்வாரா, நின்ற இடத்திலேயே இருப்பாரா, எல்லாம் அந்த விரல்களில். கேமரா வழியாக நமக்கே தெரிகிறது, எதிரே நிற்கும் இருவருக்கு மட்டும் தெரியாது!

விம்பிள்டன் போன்ற கிராண்ட்ஸ்லாம்கள் அல்லாத டூர் போட்டிகளின் இரட்டையரில், 40-40 என்று சமமானால் அட்வான்டேஜ் கிடையாது, அதாவது இரண்டு பாயிண்ட் முந்த வேண்டியதில்லை. ஒரே பாயிண்ட், கேம் முடிந்தது. ஆளுக்கொரு செட் என்றால் மூன்றாவது செட்டுக்குப் பதில் 10 பாயிண்ட் டைபிரேக் என்ற குறும் ஆட்டம். தடுமாறி எழுந்திருக்க நேரமே தருவதில்லை.

2015 விம்பிள்டன் பெண்கள் இரட்டையர் இறுதியில் சானியா மிர்சாவும் மார்ட்டினா ஹிங்கிஸும் மூன்றாவது செட்டில் 2-5 என்று பின்தங்கி, அப்புறம் 7-5 என ஜெயித்தார்கள். அங்கே முழு செட் உண்டு என்பதால்தான் அப்படியொரு மீட்சி. எனக்கு அந்த முறைதான் பிடிக்கும்.

இன்றைக்குக் கடைசிப் பாயிண்ட்டுக்கு முன்பு அந்தக் கை பின்னால் போகவே இல்லை.

சர்வ் போடப் போனவரும் அதற்காகக் காத்திருக்கவில்லை.