அப்பாவின் ஜிபிஎஸ், அம்மாவின் செபமாலை

வேலைக்குச் சேர்ந்த இந்தப் பதினோரு வருடத்தில் நான் விழுந்து விழுந்து படித்து, பரீட்சை எழுதி, அப்புறம் யாருக்கும் வேண்டாததாகிப்போன மென்பொருள்களை எண்ணினால் கைவிரல் போதாது. இப்போது செயற்கை நுண்ணறிவு வேறு வந்து, எனக்கு இரண்டு நாள் பிடிக்கும் வேலையை நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடித்து வைக்கிறது. எதைத்தான் நம்பிப் பிடித்துக்கொள்வது என்ற குழப்பத்தோடு போன வாரம் திருவனந்தபுரத்திலிருந்து ஊருக்கு வந்தேன். கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்துக்குப் பக்கத்தில், கடலோர ஊர்.

அப்பா கடலுக்குப் போகத் தொடங்கிய காலத்தில் ஜிபிஎஸ் கிடையாது. கடலுக்கடியில் மீன் கூடும் பாறைத் திட்டை 'பார்' என்போம். ஒருமுறை கண்டுபிடித்த பாருக்கு மறுபடியும் போய்ச் சேர கணியம் பார்க்க வேண்டும்; அதாவது எங்கள் ஊர்க் கோயில் கோபுரம் வேளிமலையின் இன்ன முகட்டுக்கு நேராக வர வேண்டும், அதே நேரம் இன்னொரு ஊர்க் கோயில் வேறொரு மலைக்கு நேராக நிற்க வேண்டும், இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் தூண்டிலை இறக்கலாம். (எங்கள் பக்கம் கோயில் என்றால் மாதா கோயில்.) ஞாயிற்றுக்கிழமை முழங்காலில் நிற்கிற அதே கோயில்தான் மற்ற ஆறு நாளும் அவருக்குத் திசை சொன்னது.

ஜிபிஎஸ் வந்தபோது பாட்டா (தாத்தா) அதைத் தொடக்கூட இல்லை. அப்பா ஒரே மாதத்தில் பழகிவிட்டார். அப்புறம் வயர்லெஸ், கடலின் ஆழமும் மீன் கூட்டமும் காட்டுகிற எக்கோ சவுண்டர் என்று ஒவ்வொன்றாக வந்தது. எது வாங்கினாலும் வள்ளத்தில் மாட்டுவதற்கு முன் கடற்கரைக் குருசடியில் (சிலுவை நட்ட சின்ன வழிபாட்டிடம்) கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் எடுப்பார். கல்லூரியில் படிக்கும்போது ஒருநாள் கேட்டேவிட்டேன், "மெஷினுக்கு எதுக்குப்பா செபம்?"

"மெஷினுக்கு இல்ல மக்களே, எனக்கு. இது இருக்குன்னு நான் கடலப் பாக்காம இருந்திரப்பிடாதுல்லா."

அப்போது சிரித்தேன். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலுக்கு அப்புறம் சிரிக்கவில்லை. தொலைதூரம் போயிருந்தவர்களுக்கு வயர்லெஸ்கூட எட்டவில்லை. அப்பா அன்று கரையில் இருந்தார், வேறு காரணம் ஒன்றும் இல்லை, காய்ச்சல். பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் இன்றுவரை திரும்பவில்லை. அக்கா இரண்டு வருடம் கோயில் படியே ஏறவில்லை, யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை, அம்மா மட்டும் தினமும் சாயங்காலம் அவள் வீட்டு முற்றத்தில் போய் உட்கார்ந்துவிட்டு வருவாள். விசுவாசம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பிரசங்கம் எதுவும் நினைவுக்கு வராது, அந்த முற்றம்தான் வரும். எனக்கு அந்த அளவு விசுவாசம் உண்டா என்றால், தெரியாது.

2020 ஊரடங்கில் கோயிலைப் பூட்டியபோது அம்மாவுக்கு யூடியூபில் பூசை பார்க்கப் பழக்கிக் கொடுத்தேன். கோயில் திறந்தாயிற்று, போன் மட்டும் நிலைத்துவிட்டது. இப்போது வீட்டுச் செபமாலையும் அதில்தான் ஓடுகிறது. போன வாரமும் அப்படித்தான், மூன்றாம் காரணிக்கம் (செபமாலையில் ஒரு பகுதி) நடுவில் திடீரென்று நகைக்கடன் விளம்பரம் வந்தது. நான் தள்ளிவிடக் கை நீட்டினேன். அம்மா கண்ணைத் திறக்காமலே என் கையைத் தட்டிவிட்டு, அந்த மணியை விரலிடுக்கில் பிடித்தபடி, விளம்பரம் முடிகிறவரை அப்படியே இருந்தாள்.