ஒரே பத்தியில் எத்தனை பேர் மனசு?

நாவலில் ஆள் மாறி ஆள் பார்வையில் கதை நகர்வது எனக்குப் பிடிக்கும், ஆனால் ஒரே பத்திக்குள் நாலு பேர் மனசையும் எட்டிப் பார்த்தால் யாரோடும் ஒட்ட முடிவதில்லை.

இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த 1964 ஒப்பந்தத்தின்படி இந்தியா போக, இலங்கை மலையகத்து ஹட்டன் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும் ஒரு குடும்பம் என்று வையுங்கள். அக்கா போகிறாள், தம்பி இங்கேயே. அக்காவின் அத்தியாயத்தில் தகரப்பெட்டியைக் கட்டிய கயிறு, தலைமன்னாரில் கப்பல் ஏறப்போகும் பயம், அவ்வளவுதான். தம்பி ஏன் அழாமல் நிற்கிறான் என்று அவளுக்குத் தெரியவே கூடாது. அது அவன் முறை வரும்போது, காலியான லயக் காம்பராவுக்குள், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறைக்குள், நுழைகிற இடத்தில் வரட்டும். (நடுவில் தோட்டத்து வேலையாட்களை மேய்க்கும் கங்காணி மனசில் என்ன ஓடுது என்று யார் கேட்டா?)

சரி, மாறித்தான் ஆகணும் என்றால் அத்தியாயத்தை முடித்துவிட்டு மாறுங்கப்பா, இப்போது பார்ப்பது யார் என்று முதல் வரியிலேயே தெரிகிற மாதிரி.