மூன்று மில்லி குறைந்த ஆங்கிள்

கங்கைகொண்டான் பக்கம் ஒரு ஷெட் வேலையில் பிரேசிங் ஆங்கிள் (சட்டம் சாயாமல் மூலைக்கு மூலை குறுக்காக மாட்டும் L வடிவ எஃகுக் கம்பி) ஒன்று 3 மில்லிமீட்டர் குறைவாக வந்துவிட்டது. ஃபிட்டர் அசரவே இல்லை. "மூணு மில்லிதான சார், இழுத்து மாட்டிரலாம்லா" என்றார். மாட்டலாம்தான், மாட்டிய பிறகு அந்தக் கம்பி சும்மா இருக்குமா?

முக்காலியில் ஒரு கால் குட்டையானால் கொஞ்சம் சாயும், அவ்வளவுதான். நாற்காலி ஆடும், ஆடாமல் நாலு காலையும் தரையில் அழுத்திப் பிடித்தால் சட்டத்துக்குள் விசை புகுந்துவிடும். எங்கள் பிரேசிங் நாற்காலி வகை. 3 மீட்டர் சதுரம், இரண்டு மூலைவிட்டம், மொத்தம் 6 உறுப்பு (கம்பி). தாங்கிகள் போக சமநிலைச் சமன்பாடுகள் 5தான். ஆறாவது, உறுப்புகளின் நீளமாற்றங்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்கிற கம்பாட்டிபிலிட்டி சமன்பாடு.

கட்டமைப்புப் பொறியியல் ஆய்வாளர் சூர்ய பட்நாயக் 1973இல் வெளியிட்ட ஒருங்கிணைந்த விசை முறையில் இந்த ஆறு சமன்பாட்டையும் ஒரே அணியில் (மேட்ரிக்ஸ்) அடுக்கி விசைகளையே நேரடியாகக் கண்டுபிடித்துவிடலாம். முதல் 5 வரிகளின் வலப்பக்கம் சுமை, கடைசி வரியின் வலப்பக்கம் தொடக்கத் திரிபால், அதாவது சுமை ஏற்றும் முன்பே இருக்கும் குறை நீளம், வெப்ப நீட்சி போன்றவற்றால் வரும் நீளமாற்றம். எங்களுக்குச் சுமை சுழி, கடைசி வரியில் மட்டும் அந்த 3 மில்லி. எல்லா உறுப்புக்கும் ஒரே குறுக்குவெட்டு என்று வைத்துப் போட்டால் மூலைவிட்டங்களில் சுமார் 41 மெகாபாஸ்கல் (தகைவின், அதாவது பரப்புக்கு இவ்வளவு என்கிற விசையின் அலகு) இழுவை, பக்கங்களில் 29 அமுக்கம். வெளியே ஒரு கிலோகூட ஏற்றவில்லை! சரியான நீளத்தில் இருந்த இன்னொரு மூலைவிட்டத்துக்கும் அதே 41தான். "அது என்ன பாவம் செஞ்சுது?" என்றார் ஃபிட்டர்.

முதலில் கணுக்களின் (கம்பிகள் சேரும் முனைகள்) நகர்வைக் கண்டுபிடித்து அதிலிருந்து விசைக்குப் போகும் இடப்பெயர்ச்சி முறையில், இந்தத் தொடக்கத் திரிபு விஷயம் கல்லூரியில் என் காலை வாரியிருக்கிறது. இரண்டு முனையும் இறுக்கிய எஃகுக் கம்பி, 30 டிகிரி சூடேறுகிறது (எங்கள் ஊர் வெயிலுக்கு இது பெரிய கற்பனையில்லை). கணுக்கள் நகரவில்லை, திரிபு (நீளத்துக்கு இவ்வளவு என்கிற நீளமாற்றம்) சுழி, ஆகவே தகைவும் சுழி என்று பெருமையாக எழுதி வைத்தேன். வெப்பத் திரிபைச் சமான சுமையாக மாற்றி ஏற்றியது மட்டும் போதாது, கடைசியில் மொத்தத் திரிபிலிருந்து அதைக் கழிக்கவும் வேண்டும். கழித்தால் 72 மெகாபாஸ்கல் அமுக்கம் வரும். விசை முறையில் வெப்ப நீட்சி முதலிலிருந்தே வலப்பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் மறக்கவே வழியில்லை. குறியை மட்டும் கவனிக்கணும், குட்டை என்றால் கழித்தல், இதிலும் ஒருமுறை வழுக்கியிருக்கிறேன்.

அப்புறம் புது ஆங்கிள் வெட்டச் சொன்னேன். அது 1 மில்லி கூடுதலாக வந்தது. 16 மில்லி போல்ட்டுக்கு 18 மில்லி துளை, அதிலேயே அடங்கிவிட்டது.