தரையில் பதித்த வளையமும் நான் பட்ட பாடும்

வீட்டு முற்றத்தில் பைக்கைப் பூட்ட ஓர் இரும்பு வளையத்தைத் தரையில் பதிக்க வேண்டும். வேலை இவ்வளவுதான். அது முடிவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. முதலில் பதிக்க வந்தவர் மீது இன்னும் கோபம் ஆறவில்லை.

ஹேண்டில் லாக் பலமாக ஓர் உதை விட்டால் முறிந்துவிடும். சக்கரத்தின் பிரேக் தட்டில் மாட்டும் டிஸ்க் லாக் வண்டியை உருட்ட விடாது, ஆனால் இரண்டு பேர் அப்படியே தூக்கி வேனில் ஏற்றினால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் சங்கிலியும் வளையமும் என்று முடிவு செய்தேன்.

சங்கிலி வாங்கும்போதே தொல்லை தொடங்கியது. கடைக்காரர் 10 மி.மீ. தடிமனுள்ள ஒன்றை நீட்டி, “இதை யாராலும் வெட்ட முடியாது” என்றார். நீளமான கைப்பிடி கொண்ட போல்ட் கட்டர் அந்தத் தடிமனை வெட்டிவிடும். பெட்டியின் மீது ‘பாதுகாப்பு 10-க்கு 9’ என்று அச்சிட்டிருந்தார்கள். அது தயாரிப்பாளர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட மதிப்பெண். பிரிட்டனின் சோல்ட் செக்யூர், நெதர்லாந்தின் ஏ.ஆர்.டி. போன்ற அமைப்புகள் பூட்டுகளை உடைத்துப் பார்த்துச் சான்று தருகின்றன. அப்படி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. ஒரு கண்ணியில் அரத்தால் தேய்த்துப் பார்க்கலாமா என்றதும் முகம் சுளித்துச் சங்கிலியை உள்ளே எடுத்து வைத்துவிட்டார். கடினமாக்கப்பட்ட எஃகில் அரம் வழுக்கும், சாதாரண இரும்பில் துகள் உதிரும். இந்தச் சோதனைக்கு மறுக்கும் இடத்தில் வாங்காதீர்கள். அடுத்த கடையில் 16 மி.மீ. சங்கிலி கிடைத்தது. வெளியே எடுத்துச் செல்ல முடியாத எடைதான், வீட்டிலேயே கிடக்கப்போகும் பொருளுக்கு அது குறையில்லை. பூட்டும் அதே வலுவில் இருக்க வேண்டும், இல்லையேல் திருடன் சங்கிலியைத் தொடக்கூட மாட்டான்.

இனி அந்த வளையம். முற்றத்தின் முன்பாதி பேவர் கற்கள், சுவரோரம் மட்டுமே கான்கிரீட். கான்கிரீட்டில்தான் பதிக்க வேண்டும் என்று தொலைபேசியிலேயே தெளிவாகச் சொல்லியிருந்தேன். நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அவர் வந்து, துளையிட எளிதாக இருந்த பேவர் கல்லில் பதித்து, வீட்டில் இருந்தவர்களிடம் பணத்தையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். மாலையில் கடப்பாரையை வளையத்துக்குள் விட்டு நெம்பினேன். கல்லோடு சேர்ந்து மேலே வந்துவிட்டது, அடியில் வெறும் மணல். அழைத்துக் கேட்டால், “வளையத்தில் குறை இல்லையே” என்றார். பணத்தைத் திருப்பித் தரவே இல்லை.

அடுத்து வந்தவர் நேர்மையானவர். பேவர் கல், மெல்லிய பூச்சு, மணல் மீது ஒட்டிய டைல்ஸ் எதுவும் வளையத்தைத் தாங்காது என்றார். அடியில் தண்ணீர்க் குழாயோ மின்கம்பியோ போகிறதா என்று கேட்டுக்கொண்ட பிறகே டிரில்லைக் கையில் எடுத்தார். விரிந்து பிடிக்கும் போல்ட்டைக் கான்கிரீட்டின் ஓரத்துக்கு மிக அருகில் போட்டால் விளிம்பு வெடித்துவிடும் என்பதால் உள்ளே தள்ளிப் பதித்தார். ரசாயனப் பசை ஊற்றிப் பதிப்பதானால், துளையைத் தூரிகையால் தேய்த்துக் காற்றடித்துத் தூசியை முழுவதும் வெளியேற்ற வேண்டும், தூசி இருந்தால் பசை பிடிக்காது. கடைசியாக, போல்ட் தலையின் அறுகோணக் குழிக்குள் எஃகுக் குண்டை வைத்துச் சுத்தியலால் அடித்து இறக்கினார். இனி போல்ட்டைக் கழற்றும் எந்த அறுகோணச் சாவியும் அதற்குள் நுழையாது. அதே கடப்பாரையால் என் முழு பலத்தையும் போட்டு நெம்பினேன், இம்மியும் அசையவில்லை. அன்று வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல. கான்கிரீட் தரையே இல்லாதவர்கள் ஓரிடத்தில் குழி தோண்டிப் புதிதாக ஊற்றலாம். ஆனால் அது முழு வலுவை எட்டச் சுமார் 28 நாள் பிடிக்கும், மறுநாளே துளையிட ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பூட்டும் முறையிலும் கவனம் வேண்டும். முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு மீதி வண்டியைக் கொண்டுபோய்விடலாம், ஆகவே பின்சக்கரத்தோடு சட்டத்தையும் சேர்த்துச் சங்கிலி போடுங்கள். சங்கிலி தரையில் கிடந்தால் கட்டரின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி உடல் எடை முழுவதையும் போட்டு அழுத்துவார்கள். தரையில் படாமல் இறுக்கமாக இருக்கட்டும். இவ்வளவுக்குப் பிறகும் ஆங்கிள் கிரைண்டரோடு, அதாவது சுழலும் தகட்டால் இரும்பை அறுக்கும் கருவியோடு வருபவன் அறுத்துவிடுவான். சத்தமும் தீப்பொறியும் யாராவது கவனிக்கும் இடத்தில் வண்டி நிற்பதுதான் அதற்கு மாற்று மருந்து.

கவர் போட்டேன், என்ன வண்டி என்று தெருவுக்குத் தெரியாது. ஜி.பி.எஸ். கருவி பொருத்துவது சுலபம், ஆனால் பல நாள் எடுக்காமல் நிறுத்தினால் பேட்டரியை இறக்கிவிடும். தொலைந்த சாவிகளைப் போன் மூலம் தேடுவதற்கான சிறு வில்லைகளை மட்டும் நம்பாதீர்கள். தெரியாத வில்லை ஒன்று உடன் வருகிறது என்று அவை திருடனின் போனுக்கே எச்சரிக்கை அனுப்பிவிடக்கூடும்.

திருட்டு நடந்தால் காப்பீட்டு நிறுவனம் பெரும்பாலும் வண்டியின் இரண்டு சாவிகளையும் கேட்கும். இரண்டாவது எங்கே இருக்கிறது என்று இன்றே பார்த்துவிடுங்கள். புதுப் பூட்டோடு வரும் சாவி எண் பொறித்த தகட்டைச் சாவிக்கொத்திலிருந்து கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். அந்த எண்ணைப் பார்த்தவர் மாற்றுச் சாவி செய்துகொள்ள முடியும். வண்டிப் பதிவுச் சான்றின் அசலை இருக்கைக்கு அடியில் விட்டு வைக்காதீர்கள்.