பஞ்சு ‘வேண்டாம்’ சொல்லும்போது

மார்ச் 1, 2025, சனி

பஞ்சு வந்தாச்சு. நாய்க்குட்டி, பிறந்து எட்டு வாரம். கூடையைத் திறந்ததும் பிள்ளைகள் இருவரும் பாய்ந்தார்கள். குட்டி கட்டிலுக்கடியில் போய் ஒடுங்கிக்கொண்டது. சின்னவன் குப்புறப் படுத்துக் கையை உள்ளே நீட்டினான். பிடித்து இழுத்தேன். “அதுவா வரணும்டா. நாம போய்ப் பிடிக்கக் கூடாது.”

சுவரோரமாக இருவரையும் சம்மணம் போட்டு உட்கார வைத்தேன். பெரியவளுக்கு ஆறு வயது, பொறுத்துக்கொண்டாள். மூன்றரை வயதுக்காரன் எழுந்து எழுந்து ஓடினான். ஒவ்வொரு தடவையும் மடியில் போட்டுக்கொண்டேன். கால்மணி நேரம் ஆகியிருக்கும். முதலில் மூக்கு தெரிந்தது. அப்புறம் ஒரு முன்னங்கால். வயிறு தரையில் உரச ஊர்ந்து வந்து, பெரியவளின் கால் கட்டைவிரலை முகர்ந்துவிட்டுத் திரும்ப உள்ளே ஓடிவிட்டது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள். இன்றைக்கு அது போதும்.

மார்ச் 3, திங்கள்

இந்த வயதில் குட்டி ஒரு நாளைக்கு 18 முதல் 20 மணி நேரம் தூங்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே பொத்தென்று சாய்ந்துவிடுகிறது. “செத்துப்போச்சாம்மா?” என்று சின்னவன் பயந்துவிட்டான். வயிறு ஏறி இறங்குவதைக் காட்டினேன். ரொம்ப நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

படுக்கையைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டாயிற்று. கோட்டுக்குள்ளே பஞ்சு இருந்தால் யாரும் தொடக் கூடாது, அம்மாவும்தான். அந்த ‘அம்மாவும்தான்’ சொன்ன பிறகுதான் இருவரும் ஒத்துக்கொண்டார்கள். சாப்பாட்டுத் தட்டுக்கும் அதே சட்டம்.

மார்ச் 6, வியாழன்

கடி தொடங்கிவிட்டது. பால்பற்கள் 28, ஒவ்வொன்றும் ஊசி. சின்னவனின் கையைக் கவ்வியதும் அவன் வீறிட்டுக்கொண்டு ஓடுகிறான். ஓடினால் குட்டிக்கு அது துரத்து விளையாட்டு; காற்சட்டையைக் கவ்வித் தொங்குகிறது. அவன் இன்னும் கத்துகிறான், அது இன்னும் துள்ளுகிறது.

‘மரம்’ சொல்லிக்கொடுத்தேன். நில். கைகளை மடித்து மார்போடு சேர். தரையைப் பார். மரம் பேசாது, ஓடாது. நானே முதலில் மரமானேன். பஞ்சு என் புடவை நுனியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, சுவாரசியம் போய் விலகிவிட்டது. பிறகு குட்டி இல்லாத அறையில் இருவரையும் வைத்துப் பழக்கினேன். பயத்தோடு இருக்கும்போது சொன்னால் மூன்று வயதுக் காதில் எதுவும் ஏறாது. மரமாக நின்று முடித்ததும் கடிக்க ஒரு கயிற்றுத் துண்டைக் கொடுக்க வேண்டும் என்பதும் பாடத்தில் சேர்த்தி. பல் ஊறுகிற குட்டி எதையாவது கடித்துத்தானே ஆக வேண்டும்.

மார்ச் 8, சனி

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் மூத்திரம் போக வெளியே தூக்கிக்கொண்டு போகிறோம். இன்று மூன்று தடவை உள்ளேயே போய்விட்டது. மூக்கைப் பிடித்து அதிலேயே தேய்க்க வேண்டும் என்று பெரியவளிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது தப்பு. அடக்க இன்னும் அதற்கு வலுவில்லை. பயந்தால் ஒளிந்து போகத்தான் கற்றுக்கொள்ளும். பேசாமல் துடைத்தோம்.

மார்ச் 11, செவ்வாய்

தடுப்பூசி, குடற்புழு மருந்து இரண்டும் ஆயிற்று. குட்டியின் வயிற்றிலுள்ள உருளைப்புழு பிள்ளைகளுக்கும் தொற்றக்கூடியது. தொட்டு விளையாடிய பிறகும், சாப்பிடும் முன்பும் சோப்பு போட்டுக் கை கழுவாமல் யாரும் நகரக் கூடாது. தடுப்பூசிச் சுற்று முடியும்வரை, மற்ற நாய்கள் நடமாடும் இடத்தில் பஞ்சுவைக் கீழே விடுவதும் இல்லை. குட்டிகளின் உயிரையே எடுக்கக்கூடிய பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். ஆனால் மடியில் வைத்துக்கொண்டு உலகத்தைக் காட்டுகிறோம்: வண்டிச் சத்தம், குடை, தொப்பி போட்ட மனிதர்கள். இப்போது பழகாத எதைப் பார்த்தாலும் பின்னால் அது பயப்படும்.

மார்ச் 16, ஞாயிறு

இன்று நடந்தது என் தவறு. எழுதி வைக்கிறேன்.

சின்னவன் பஞ்சுவைக் கழுத்தோடு கட்டிக்கொண்டிருந்தான். நான் அதே அறையில்தான் இருந்தேன், போனைப் பார்த்துக்கொண்டு. நிமிர்ந்தபோது பஞ்சு முகத்தை அந்தப் பக்கம் திருப்பியிருந்தது. நாக்கால் மூக்கை நக்கியது. கொட்டாவி விட்டது. கண்ணோரத்தில் வெள்ளை தெரிந்தது. உடம்பு விறைத்துவிட்டது. நான் எழுவதற்குள் உறுமல். அவன் கையை விட்டுவிட்டு அழத் தொடங்கினான். பல் படவில்லை.

“பஞ்சு கெட்ட பய” என்றான். இல்லை கண்ணு. அது பல தடவை சொல்லிவிட்டது, நமக்குத்தான் கேட்கவில்லை. உறுமியதற்காகப் பஞ்சுவை நான் அதட்டவே இல்லை. உறுமலை அடக்கிவிட்டால் அடுத்த தடவை எச்சரிக்கை இல்லாமல் கடி வரும். சிறு பிள்ளைகளை அவர்களுக்குத் தெரிந்த நாயும் கடிக்கும், ஊர் பேர் தெரியாத நாய் மட்டும் அல்ல. இது எனக்குத் தெரிந்ததுதான். தெரிந்தும் போனைப் பார்த்தேன். இனி பிள்ளையும் குட்டியும் ஒரே அறையில் இருந்தால் என் கண் அங்கே. முடியாவிட்டால் இடையில் தடுப்புக் கதவு.

மார்ச் 19, புதன்

‘கேட்டுப் பார்க்கிற’ விளையாட்டு. தலைக்கு மேலே கை போகக் கூடாது, பக்கவாட்டில், மார்பில். மூன்று எண்ணும்வரை தடவு, கையை எடு, காத்திரு. பஞ்சு ஒட்டி வந்தால் ‘இன்னும் வேணும்’. திரும்பினால், நக்கினால், நகர்ந்தால் ‘வேண்டாம்’. கட்டிப்பிடிக்கிறது குரங்குக்குப் பிடிக்கும், நாய்க்குப் பிடிக்காது என்று பெரியவள் தம்பிக்கு விளக்கினாள். நான் சொன்னதைவிட நன்றாக இருந்தது.

மார்ச் 23, ஞாயிறு

பெரியவள் கிண்ணத்தைக் கழுவித் தண்ணீர் மாற்றுகிறாள். சின்னவன் உணவை அளந்து போடுகிறான், ஒரு கரண்டி, தட்டி மட்டமாக்கி. இது அவர்கள் பழகுவதற்காக, பொறுப்பு என்னுடையது. அவர்கள் மறந்தாலும் குட்டி பட்டினி கிடக்கக் கூடாது.

இன்று அவன் அன்பாகச் சாக்லேட்டில் பாதியை நீட்டினான். நல்லவேளை, பெரியவள் பார்த்துவிட்டாள். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், சைலிட்டால் என்கிற இனிப்பு சேர்ந்த சூயிங்கம் எல்லாம் நாய்க்கு விஷம். படம் வரைந்து சிவப்பில் பெருக்கல் குறி போட்டுக் கதவில் ஒட்டியிருக்கிறாள். படிக்கத் தெரியாதவனுக்கும் புரிகிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

என் தம்பி வந்திருந்தான். வந்த வேகத்தில் பஞ்சுவை இரண்டு கையாலும் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டான். நான் சமையலறையிலிருந்து வருவதற்குள் சின்னவன் அவன் முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

“மாமா, பஞ்சு மூக்க நக்குது பாருங்க. கீழ விடுங்க.”

தம்பி சிரித்துக்கொண்டே இறக்கிவிட்டான். பஞ்சு உடம்பை ஒரு தடவை உதறிக்கொண்டு கோட்டுக்குள் போய்ப் படுத்தது. சின்னவன் மாமாவின் கையைப் பிடித்து இழுத்து, சுவரோரமாகச் சம்மணம் போட்டு உட்கார வைத்தான்.

“இப்ப அதுவா வரும். பேசக் கூடாது.”